துருவப் பயணத்தில் சாகசம்: முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள்

கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு, பனியில் ஓரிரவு முகாம், பனிச்சப்பாத்து நடை, உறைநீரில் குதிப்பு. பதிவுப் படிவத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டுத்தான் பலரும் அண்டார்டிகா கப்பலில் ஏறுகிறார்கள். இத்தனைக்கும் நேரம் இருக்கிறதா என்று பணம் கட்டும்போது யாரும் பார்ப்பதில்லை.

அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவிலிருந்து கிளம்பும் 10 நாள் பயணத்தை எடுத்துக்கொள்வோம். தென்னமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவிலுள்ள டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஏறும் நாளையும் இறங்கும் நாளையும் கழித்தால் மிஞ்சுவது நான்கு நாள். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை என்று மொத்தம் எட்டு முறை கப்பலை விட்டு வெளியே போகலாம். அதில் இரண்டைக் காற்றோ மிதக்கும் பனியோ விழுங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆக, ஆறு. நீங்கள் கயாக்கில் இருக்கும் நேரத்தில்தான் மற்றவர்கள் கரையில் பெங்குவின் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

கப்பலின் அளவும் முக்கியம். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையிறங்கக் கூடாது, 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும் என்பது விதி. 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் ஆட்களைக் கரையிறக்கவே முடியாது. கப்பலில் 190 பேர் இருந்தால் பாதிப் பேர் கரையில், பாதிப் பேர் ரப்பர் படகில், அப்புறம் மாற்றிக்கொள்வார்கள். கரையில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே ஒரு சாகசத்தை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றது கிடைத்தால் லாபம் என்று விட்டுவிடுவது நல்லது.

அந்த ஒன்று கயாக் என்றால், முன்னனுபவம் அவசியம். குளத்தில் ஒருமுறை துடுப்புப் போட்டது கணக்கில் வராது. கடலில் கயாக் ஓட்டியிருக்க வேண்டும், கவிழ்ந்தால் தண்ணீருக்குள் பதறாமல் மடியை மூடியிருக்கும் விரிப்பை இழுத்துக் கழற்றி வெளியே வரத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே கடல்நீர் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். உப்பு இருப்பதால் மைனஸ் 1.8 வரை உறையாது. விழுந்தவரைக் காப்பாற்றுவது டிரைசூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத முழு உடை. அது சரியாக மூடியிருந்தால் மட்டும்.

டிரைசூட்டில் நடக்கும் தவறுகள் எல்லாம் சின்னவை. கழுத்து ரப்பருக்குள் நாலு முடி மாட்டிக்கொண்டால் அந்த வழியாகவே தண்ணீர் கசியும். மோதிரமும் கடிகாரமும் மணிக்கட்டு ரப்பரைக் கிழிக்கும். எண்ணெய்ப் பசையுள்ள சன்ஸ்கிரீன் அந்த லேட்டக்ஸ் ரப்பரைக் கெடுக்கும். கழுத்திலும் மணிக்கட்டிலும் அதைப் பூச வேண்டாம். சிறுநீர் கழிக்க வைத்திருக்கும் ஜிப்பை முழுதாக மூட மறப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஜிப்பை மூடியதும் குந்தி உட்கார்ந்து, கழுத்து ரப்பரை ஒரு விரலால் விலக்கி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் பலூன் மாதிரி மிதப்பீர்கள். கயாக்கில் திரும்ப ஏறவே முடியாது. உள்ளே மெல்லிய கம்பளி உள்ளாடையும் ஃபிளீஸும் போதும். பருத்தி நனைந்தால் காயாது, உடல் வெப்பத்தையும் உறிஞ்சிவிடும்.

முகாம் என்றதும் கூடாரத்தைக் கற்பனை செய்யாதீர்கள். பெரும்பாலும் பனியில் இடுப்பளவு பள்ளம் வெட்டி, காற்று வீசிவரும் பக்கம் மேடு கட்டி, நீர் புகாத வெளியுறைக்குள் தூக்கப்பையைப் போட்டுப் படுப்பதுதான். இரவு உணவு முடிந்து கரைக்குப் போனால் காலை உணவுக்கு முன் கூட்டிவந்துவிடுவார்கள். கரையில் சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும். கழிவு முழுவதும் வாளியோடு கப்பலுக்குத் திரும்ப வேண்டும். பையின் வாயைத் தலைமேல் இழுத்து மூடி உள்ளேயே மூச்சுவிட்டால் அந்த ஈரமே விடியற்காலையில் உங்களை நடுங்க வைக்கும். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும். மறுநாள் சாக்ஸை மட்டும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் இருட்டவே இருட்டாது, கண்பட்டி எடுத்துப்போங்கள். முகாமுக்கு மறுநாள் காலையில் கயாக் வைத்துக்கொள்வது தப்பான திட்டம். தூங்காத உடம்பு குளிரைத் தாங்காது.

உறைநீரில் குதிப்பது மூன்று நிமிட வேலைதான், ஆனால் இதயத்துக்குப் பெரிய சோதனை. தண்ணீர் பட்டதும் தன்னிச்சையாகப் பெருமூச்சு இழுக்கும். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் நீர் போகும். இந்தத் திணறல் அடங்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். 10 நிமிடத்துக்குள் கைகால் சொன்னபடி கேட்காது. அதனால்தான் இடுப்பில் கயிறு கட்டி இறக்குகிறார்கள். கயிற்றைப் போட்டோவுக்காகக் கழற்றச் சொல்பவர்களும் உண்டு! தலைகுப்புறப் பாயாமல் கால் முதலில் இறங்குங்கள். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்துங்கள். மது எப்படியும் கூடாது.

கரையிறங்கும் முன் வெல்க்ரோ, பாக்கெட், சப்பாத்து இடுக்கு எல்லாவற்றையும் விதையும் மண்ணும் இல்லாமல் வேக்யூம் செய்ய வேண்டும். பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவுக்கும், 2024 பிப்ரவரியில் அண்டார்டிகப் பெருநிலத்துக்கும் வந்துவிட்டது. அதனால் தரையில் உட்காருவதும் மண்டியிடுவதும் பையை வைப்பதும் கூடாது. சப்பாத்தும் ஊன்றுகோலும் மட்டுமே தரையைத் தொடலாம். மண்டியிட்டுப் படமெடுத்துப் பழகியவர்கள் இப்போதே நின்றபடி எடுத்துப் பழகுங்கள்.

வடதுருவப் பக்கம் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு விதி வேறு. 2025 ஜனவரி 1 முதல் துருவக் கரடியிடமிருந்து 300 மீட்டராவது விலகி நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். கரையில் கரடி தென்பட்டால் அன்றைய நடை ரத்து.

காப்பீட்டை வாங்கும் முன் விதிவிலக்குப் பக்கத்தைப் படியுங்கள். 'சாகசம்' என்ற பொதுச்சொல் போதாது. கடல் கயாக், பனியாற்று நடை என்று நீங்கள் செய்யப்போவது பெயரோடு எழுத்தில் இருக்க வேண்டும், அவசர வெளியேற்றத்துக்கான தொகையும் தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். நோயாளியை விமானத்தில் ஏற்றப் பெரும்பாலும் அண்டார்டிகா அருகிலுள்ள கிங் ஜார்ஜ் தீவின் ஓடுபாதை வரை கப்பல் போகவேண்டும். அங்கே மூடுபனி என்றால் நாள்கணக்கில் காத்திருப்பு. மருத்துவப் படிவத்தில் ஸ்டென்ட், ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். கடல் குமட்டலுக்குக் காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமைன் பட்டியைக் கப்பல் ஆடத் தொடங்குவதற்கு நான்கு மணி நேரமாவது முன்பே ஒட்டுங்கள். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் பார்வை மங்கும்.