ஈயச் செம்பும் கந்தகக் கையும்

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடுகளில் விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே புளி வாடை தூக்கும். அறையிலிருந்து இறக்கிய பித்தளை அண்டாவையும் செம்புத் தவலையையும் பழம்புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் அப்பத்தா நாலு இழுப்பு இழுத்தால் களிம்பு கரைந்து உள்ளே இருக்கும் பொன்நிறம் எட்டிப்பார்க்கும். சைவ சித்தாந்தம் ஆணவத்துக்கு உவமை சொல்லும் அதே களிம்புதான்.

புளியின் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலம். 1894-ல் ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் இதே அமிலத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடோடு துளி இரும்பு உப்பையும் சேர்த்தபோது, அமிலம் சட்டென்று ஆக்சிஜனேற்றம் அடைந்ததைக் கண்டார். காரணம் பிற்பாடுதான் விளங்கியது. இரும்பு ஒரு எலெக்ட்ரானைக் கொடுத்ததும் பெராக்சைடு உடைந்து, கிட்டே எது இருந்தாலும் கடித்துக் குதறும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் (ஜோடியில்லாத எலெக்ட்ரானோடு அலையும் துணுக்கு) பிறக்கிறது. நம் செல்லுக்குள்ளும் பெராக்சைடு ஊறிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால்தான் உடம்பு உபரி இரும்பை ஃபெரிட்டின் என்ற புரதப் பெட்டகத்துக்குள் பூட்டி வைக்கிறது. செம்புக்கும் இதே கட்டுக்காவல் உண்டு.

உடம்புக்குள் புகுந்தால் நஞ்சாகும் காரீயத்தின் (lead) வழி வேறு. அது எலெக்ட்ரான் கொடுக்கல் வாங்கலில் இறங்காது. கந்தகத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். செல்லின் முதல் காவலாளி குளூட்டாதயோன். மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த சின்ன மூலக்கூறு. நடுவில் இருக்கும் சிஸ்டீனில் ஒரு கந்தகக் கை. ரேடிக்கலை அணைப்பதும் அந்தக் கைதான், உலோகத்தைப் பிடிப்பதும் அந்தக் கைதான். காரீயம் வந்து அதைப் பற்றிக்கொண்டால் ரேடிக்கலை அணைக்க ஆள் குறைகிறது. போதாக்குறைக்கு, ரத்தத்தில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் ஹீம் என்ற பொருளின் தயாரிப்பில் வேலை செய்யும் ஒரு நொதியிலிருந்து துத்தநாகத்தைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே தேங்கும் மூலப்பொருளும் தானாக ஆக்சிஜனேற்றம் அடைந்து புது ரேடிக்கல்களைக் கிளப்பும்.

நெல்லிக்காயின் வைட்டமின் சி, மஞ்சளின் குர்குமின், பூண்டின் கந்தகச் சேர்மங்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் வருகின்றன. வைட்டமின் சி ரேடிக்கலுக்குத் தன் எலெக்ட்ரானைக் கொடுத்து அடக்கும். பூண்டுக்கு மனிதர்களிடமே சோதனை நடந்திருக்கிறது: ஈரானில் கார் பேட்டரித் தொழிலாளர்களுக்கு நாலு வாரம் பூண்டு மாத்திரை கொடுத்ததில் ரத்தத்தில் காரீயம் குறைந்ததாக 2012-ல் வெளியிட்டார்கள். சின்ன ஆய்வு. அதை வைத்துக்கொண்டு ‘டீடாக்ஸ் பொடி’ விற்பவர்களை நான் நம்பமாட்டேன். இப்படி ரேடிக்கலை அடக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் தீயை அணைக்கும். எலும்புக்குள் போய் வருஷக்கணக்கில் குடியிருக்கும் காரீயத்தைக் கிளப்பாது. காரீயம் மிஞ்சிப்போனால் மருத்துவர்கள் கொடுக்கும் சக்சிமர் என்ற மருந்திலும் காரீயத்தைப் பிடிப்பது இரண்டு கந்தகக் கைகள்தான்; ஆனால் அது அளந்து கொடுக்கிற மருந்து, அடுப்படிச் சமாச்சாரம் அல்ல. வைட்டமின் சி-யும் எல்லாருக்கும் நல்லபிள்ளை அல்ல: உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்கிறவர்கள் அதை மாத்திரையாக விழுங்கக் கூடாது.

சாப்பாட்டால் நிச்சயமாக ஆகிற காரியம் ஒன்று உண்டு. இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தையின் குடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் மோரும் அந்தக் கதவை ஓரளவு சாத்தி வைக்கும்.

ஆனால் காரீயம் வீட்டுக்குள் வருகிற வாசலே நம் மொழியில் ஒளிந்திருக்கிறது. வெள்ளீயத்தையும் (tin) ஈயம் என்போம், காரீயத்தையும் ஈயம் என்போம். தெருவில் துருத்தி ஊதி, பாத்திரம் பழுக்கச் சூடானதும் நவச்சாரத்தைத் தூவி, வெண்புகைக்குள் பஞ்சால் ஈயத்தை இழுத்துப் பூசுவார்களே, அது வெள்ளீயமாக இருக்க வேண்டும். அதில் மலிவான காரீயம் கலந்திருந்தால் புளிக்கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும். ஈயச் செம்புக்கும் இதே கதைதான்.

ஈயம் பூச வந்த பெரியவர் ஒருவர் ஈயக் குச்சியை என் காதருகே வளைத்துக் காட்டினார். முறுமுறுவென்று சத்தம். “வெள்ளீயம் அழும் தம்பி, காரீயம் அழாது” என்றார். உண்மைதான், வளையும்போது வெள்ளீயத்தின் படிகங்கள் புரளுகிற சத்தம் அது. ஆனால் காரீயம் கொஞ்சமாகக் கலந்திருந்தால் காதுக்குத் தெரியாது. அப்பத்தா எங்கள் ஈயச் செம்பைப் பரணில் ஏற்றிவிட்டாள். இப்போது எங்கள் வீட்டு ரசம் எவர்சில்வரில் கொதிக்கிறது.