கொலுசுத் தராசில் ஒரு கினிப்பன்றி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அக்கா வீட்டின் முன்னறை ஒரு சின்னக் கொலுசுப் பட்டறை. அங்கிருக்கும் எலக்ட்ரானிக் தராசில் வாரம் முழுக்க வெள்ளி ஏறி இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அக்கா மகள் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, கொறித்துத் தின்னும் தன் சின்னச் செல்லப் பிராணியான கினிப்பன்றியை உள்ளே இறக்குவாள். பெயர் லட்டு. போன ஆனி மாதம் முதல் தடவை நிறுத்தபோது தராசு காட்டியது 1,410 கிராம். "இத்தனை வெள்ளி கையில இருந்தா நான் எதுக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் பட்டறையில உட்காரப் போறேன்" என்றார் மாமா.

வளர்ந்த கினிப்பன்றி பொதுவாக 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். ஆண் கொஞ்சம் கனம், பெட்டை கொஞ்சம் லேசு. எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. இரு கைகளாலும் விலாவைத் தடவிப் பார்க்க வேண்டும். லேசாக அழுத்தினாலே எலும்பு தட்டுப்பட்டால் சரி. லட்டுவிடம் எவ்வளவு அழுத்தியும் பஞ்சுதான்.

காரணம் அப்பாயி. பொரி, பிஸ்கட், ஊறிய ஜவ்வரிசி, சீசனில் மல்கோவாத் துண்டு எல்லாம் ஊட்டியிருக்கிறார். "வாயில்லா ஜீவன், கத்திக் கேக்குது சாமி." கத்துவது உண்மைதான். பிரிட்ஜ் கதவு திறந்தாலோ பிளாஸ்டிக் பை சரசரத்தாலோ கினிப்பன்றி வீக் வீக் என்று விசில் அடிக்கும். பசி இருக்கிறதோ இல்லையோ, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் தீனி வரும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது.

"ரெண்டு நாள் பட்டினி போடு, தானா இளைச்சிரும்" என்று மாமா சொன்ன யோசனைதான் இதில் ஆபத்தானது. ஏன் என்று புரிய அதன் வயிற்றுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

மாட்டையும் கினிப்பன்றியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் புல் தின்கின்றன. புல்லின் நாரைச் செரிக்கும் திறன் இரண்டின் உடம்புக்கும் இல்லை. நுண்ணுயிரிகள்தான் அதை நொதிக்க வைத்துக் கொடுக்கின்றன. மாட்டுக்கு அந்த நொதித்தல் தொட்டி முன்னால், இரைப்பையில் இருக்கிறது. கினிப்பன்றிக்கோ பின்னால், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இருக்கும் குருட்டுக்குடலில். வயிற்றைத் திறந்தால் பாதி இடத்தை அந்தப் பையே அடைத்திருக்கும். அங்கே நார் நொதித்துக் கொழுப்பு அமிலங்கள் உண்டாகும். அவை குடல் சுவர் வழியாக ரத்தத்தில் கலந்து மெதுவாகச் சக்தி தரும். நுண்ணுயிரிகள் செய்த வைட்டமினும் புரதமும் அங்கேயே தங்கிவிடுமே? அதற்காகத்தான் மெத்தென்று ஒரு தனிப் புழுக்கை வருகிறது. கினிப்பன்றி குனிந்து அதை நேராக வாயில் வாங்கிக்கொள்ளும். மாடு அசைபோடுகிறது என்றால் இது தன் புழுக்கையைத் தின்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா மகள் இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். கொழுத்துப்போன கினிப்பன்றிக்கு வேறு கஷ்டம்: தொப்பை குறுக்கே நின்று குனிய விடாது, அந்தச் சத்து வீணாகும், பின்புறம் அசிங்கமாகும்.

இந்தக் குடல் நிற்காமல் ஓட வேண்டிய குடல். நீளமான நார் உள்ளே போகப் போகத்தான் அது அசையும். அரை நாள் எதுவும் தின்னாவிட்டாலே அசைவு மந்தமாகும், வாயு சேரும், வலியில் தின்பது இன்னும் குறையும். கூடவே உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பத் தொடங்கும். குண்டான கினிப்பன்றிக்குக் கொழுப்பு இருப்பு அதிகம். அது வெள்ளமாக வந்து இறங்கினால் கல்லீரல் தாங்காது. இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். ஆக, தட்டைக் காலி செய்யக் கூடாது, தட்டில் இருப்பதை மாற்ற வேண்டும்.

மாவுச்சத்தின் கதை வேறு. பொரியும் ஜவ்வரிசியும் சிறுகுடலிலேயே சர்க்கரையாகி உடனே ரத்தத்தில் ஏறிவிடும், செலவாகாதது கொழுப்பாகும். சிறுகுடலைத் தாண்டி வழிவது குருட்டுக்குடலுக்குள் போய் வேண்டாத கிருமிகளுக்குத் தீனியாகும். புல்லுக்கு இந்த வேகம் கிடையாது. வயிறு நிறைய மேய்ந்தாலும் கிடைக்கும் சக்தி கொஞ்சம்தான், மென்று முடிக்கவே பல மணி நேரம் பிடிக்கும். மெல்லுவதிலும் லாபம் உண்டு. அதன் 20 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். பிஸ்கட்டில் வளர்ந்த கினிப்பன்றிக்குக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கம் சாய்ந்து நாக்கின்மேல் பாலம் போட்டுவிடும். தீனியைப் பார்த்து ஓடி வரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். அப்போது பிரச்சினை தலைகீழாகி எடை சரியும்.

சரி, சேலத்தில் புல்லுக்கு எங்கே போவது? பெட் கடைப் பாக்கெட் காய்ந்த புல்லுக்குக் கொடுக்கும் காசில் ஒரு ஆட்டுக்குட்டியே வளர்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். பிள்ளையாருக்குக் கட்டுக் கட்டாக விற்கும் அருகம்புல் அருமையான தீனி. நன்றாகக் கழுவினால் போதும். மாட்டுக்குத் தீவனப்புல் போட்டிருக்கும் தெரிந்தவர் இருந்தால் வாங்கி நிழலில் உலர்த்திக்கொள்ளலாம். குதிரைமசால் என்ற தீவனச் செடி மட்டும் குட்டிக்கும் சினைக்கும்தான். அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம், வளர்ந்ததற்குத் தினமும் போட்டால் சிறுநீர்ப்பையில் கல் வரும். முருங்கைக்கீரைக்கும் இதே எச்சரிக்கை. மரவள்ளி இலை கூடவே கூடாது, சயனைடு நஞ்சு. ஏற்காட்டுக்குப் போகும்போது சாலையோரம் புல் அறுப்பவர்கள் உண்ணிச்செடித் தழை கலந்துவிடாமல் பார்க்க வேண்டும், அதுவும் விஷம்.

தானியம் மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பது அறிவியல் வரலாற்றிலேயே இருக்கிறது. 1907-இல் நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் பெரிபெரி என்ற சத்துக்குறை நோயை ஆராயக் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியமே கொடுத்து வளர்த்தார்கள். வந்தது பெரிபெரி அல்ல, வைட்டமின் சி குறைந்தால் வரும் ஸ்கர்வி. நம்மைப் போலவே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி-யை உடம்பில் தயாரிக்கத் தெரியாது. அது குறைந்தால் மூட்டு வலிக்கும், வலித்தால் நடக்காது, தீனியை விட்டு ஒட்டிப்போகும். கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் போதும். ஒரு சின்னக் கொய்யாத் துண்டோ, கொஞ்சம் குடைமிளகாயோ தந்தால் கணக்கு முடிந்தது. கொய்யாவில் சர்க்கரையும் இருக்கிறது என்பதால் துண்டு கட்டைவிரல் நகத்தளவு இருக்கட்டும்.

லட்டுவுக்குச் செய்தது இவ்வளவுதான்: நாள் முழுக்கப் புல், வளர்ந்ததற்கான பெல்லட் (அழுத்திச் செய்த குச்சித் தீனி) இரண்டு மேசைக்கரண்டிக்குள், ஒரு கைப்பிடி பச்சைத் தழை. பழையதை ஒரே நாளில் நிறுத்தாமல் இரண்டு வாரத்தில் மாற்றினார்கள். புல்லை ஒரே மூலையில் குவிக்காமல் வெள்ளி வந்த காலிப் பெட்டிகளில் அங்கங்கே திணித்து வைத்தார்கள், தேடி நடக்கட்டும் என்று. எலிக்கு வைக்கும் சுழல் சக்கரம் இதற்கு ஆகாது, முதுகெலும்பு வளையும்.

பெட்டையாக இருந்தால் வயிறு பெருப்பது கொழுப்பென்றே நினைக்க வேண்டாம். கடையில் ஆணும் பெட்டையும் ஒரே கூண்டில் கிடந்திருந்தால் சினையாக இருக்கலாம். நான்கைந்து வாரக் குட்டியே சினை பிடிக்கும். வயதான பெட்டைக்குச் சினைப்பைக் கட்டியாகவும் இருக்கும். இதெல்லாம் டாக்டர் கை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

வாராவாரம் நிறுப்பது இளைப்பதற்காக மட்டுமல்ல. வேட்டையாடப்படும் பிராணி என்பதால் கினிப்பன்றி நோயைக் கடைசி வரை மறைக்கும், தராசிடம் மட்டும் மறைக்க முடியாது. 30 கிராம் முன்னே பின்னே சாதாரணம். வாரத்தில் 50 கிராம் இறங்கினால் தட்டையும் புழுக்கையையும் கவனிக்க வேண்டும். 80, 90 என்று இறங்கினால் அன்றே டாக்டர்.

தை மாதத்தில் 1,190-க்கு வந்தது. மாமா வெள்ளிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனிக் கோடு போட்டு எழுதுகிறார். சித்திரையில் ஒரு ஞாயிறு 45 கிராம் குறைந்திருந்தது. சேலத்து வெயில். ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த பிராணிக்கு 28 டிகிரிக்கு மேலே போனாலே திணறல், தீனியும் இறங்காது. ஏற்காட்டில் இருந்தால் அந்தக் கவலை குறைவு. கூண்டைப் பட்டறையின் உள்பக்கத் தரைக்கு மாற்றி, உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார்கள். அடுத்த ஞாயிறு 1,160. அப்பாயி அருகம்புல் கட்டைப் பிரிக்கும் சத்தத்துக்கே இப்போது விசில் வருகிறது.