மூளைக்குக் கரண்ட், நாரித் தண்ணீர், பூச்சிமருந்து: மூன்றையும் இணைக்கும் நொதியங்கள்

கடும் மனச்சோர்வு போன்ற நோய்களுக்கு, மயக்கமருந்து கொடுத்து மூளைக்குள் சிறிதளவு மின்சாரம் செலுத்தி ஒரு வலிப்பை வரவைப்பதுதான் மின்வலிப்புச் சிகிச்சை. அது தேவை என்றதும் வீட்டார் கேட்பது, "கரண்ட் பிடிச்சா மூளை கருகாதோ?" நாரியில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்கவேண்டும் என்றால், "பிறகு எழும்பி நடப்பாரோ?" யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டு பயமும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தில்தான் இருக்கும்.

நாரி ஊசியை முதலில் முடித்துவிடலாம். வளர்ந்தவரில் முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டு, முதலாம், இரண்டாம் நாரி முள்ளெலும்புகளின் மட்டத்தோடு முடிந்துவிடும். ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் அல்லது நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில். அங்கே முண்ணாண் இல்லை. நாரித் தண்ணீர் என்று நாங்கள் சொல்லும் மூளைய முண்ணாண் பாய்பொருள் உடலில் சுமார் 150 மில்லிலீற்றர் இருக்கிறது. நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றர் புதிதாகச் சுரக்கிறது. எடுத்த 10 மில்லிலீற்றர் அரை மணித்தியாலத்தில் ஊறிவிடும். தலையிடி வரலாம், அது பொய்யில்லை. மெல்லிய, முனை மழுங்கிய ஊசியால் அது குறையும். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும். முண்ணாண் குழாய்க்குள் இரத்தம் கட்டினால்தான் கால்கள் பாதிக்கப்படும்.

இனி அந்த நீருக்குள் இருக்கும் நொதியங்கள். "நொதியம் கூடியிருக்கு, அப்ப கலம் செத்திருக்கு" என்ற அவசர முடிவு தாதியர் முதல் மருத்துவ மாணவர் வரை எல்லோரிடமும் உண்டு. நரம்புகள் தகவல் கடத்தும் அசற்றைல்கோலின் என்ற பொருளை உடைக்கும் அசற்றைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியம் அந்தக் கணக்குக்குள் அடங்காது. 1970களிலும் 80களிலும் விலங்குகளில் செய்த சோதனைகளில், நரம்புக்கலங்களைத் தூண்டியபோது இந்த நொதியம் கூடுதலாக வெளியே வந்தது. நடுமூளையின் கருநிறப் பகுதியில் பொற்றாசியத்தால் தூண்டினால் வெளிவரும். கல்சியத்தை எடுத்துவிட்டால் வரத்துக் குறையும். உடைந்து ஒழுகும் கலத்துக்கு அப்படியொரு கட்டுப்பாடு கிடையாது. ஆகவே இது சுரப்பு. இதில் சுவையான விடயம், அந்தக் கலங்கள் தகவல் கடத்தப் பயன்படுத்துவது டோபமீனை, அசற்றைல்கோலினை அல்ல.

நரம்புக்கலங்களில் இருக்கும் நியூரோன் சார் எனோலேஸ் என்ற நொதியம் வேறு வகை. அது கலத்துக்குள்ளேயே இருக்கவேண்டியது. நீண்டுபோன வலிப்பிலோ மூளைக்கு ஒட்சிசன் தடைப்பட்டாலோ ஒழுகி வரும். மின்வலிப்புச் சிகிச்சையில் வலிப்பு நீடிப்பது பொதுவாக ஒரு நிமிடத்துக்குள். 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு சுவீடன் ஆய்வு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நாரித் தண்ணீரை எடுத்து, நரம்புச் சேதத்தைக் காட்டும் புரதங்களை அளந்தது. அவை கூடவில்லை. நோயாளிகள் சிலரே என்றாலும் "கருகும்" என்ற பேச்சுக்கு அது நேரான பதில். நினைவு மங்குவது உண்மை. அதை வீட்டாரிடம் மறைக்கக்கூடாது.

அளவீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் இரத்தம். ஊசி ஒரு நாளத்தில் பட்டால் முதல் குழாய் சிவக்கும், மூன்றாவது தெளியும். செங்குழியத்தின் மென்சவ்வில் அசற்றைல்கோலினெஸ்டரேஸ் இருக்கிறது, உள்ளே எனோலேஸும் இருக்கிறது. அது உடைந்தால் இரண்டுமே பொய்யாக ஏறும். ஆகவே சிவந்த குழாயை நொதியத்துக்கு அனுப்பாதீர்கள். தெளிந்ததையும் உடனே மையநீக்கியில் சுற்றி மேல்நீரைப் பிரித்து வையுங்கள். மதியச் சாப்பாடு முடியட்டும் என்று மேசையில் விட்ட குழாயில் வெண்குழியங்களும் குறைந்துவிடும். இரண்டு மணித்தியாலத்தில் பாதியளவு போய்விடலாம். கிருமி வளர்ப்புக்கான குழாய் மட்டும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகக்கூடாது. கோரிக்கைப் படிவத்தில் கடைசி வலிப்பு வந்த நேரத்தையும் ஞாபகமறதிக் குளிசையையும் எழுதுங்கள். டொனெபெசில் எடுப்பவரில் அசற்றைல்கோலினெஸ்டரேஸ் கூடும், ரிவஸ்டிக்மினில் குறையும்.

மிக முக்கியமானது பூச்சிமருந்து. மின்வலிப்புச் சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சமெத்தோனியம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதை உடைப்பது இரத்தத்திலுள்ள இன்னொரு கோலினெஸ்டரேஸ். ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்து இந்த நொதியத்தை அடக்கிவிடும். பழைய அளவுக்கு வரக் கிழமைக் கணக்காகும். அதற்குள் சக்சமெத்தோனியம் ஏற்றினால் மூச்சுத் தசைகள் மணித்தியாலக் கணக்கில் தளர்ந்தே கிடக்கும், செயற்கைச் சுவாசம் தேவைப்படும். மனச்சோர்வில் பூச்சிமருந்து குடித்துத் தப்பியவருக்கே பிறகு இந்தச் சிகிச்சை தேவைப்படுவதுண்டு. குடும்பமோ வெட்கத்தில் அந்தக் கதையை விழுங்கிவிடும். தோட்டத்துக்கு மருந்தடிப்பவர் என்றாலும் சரி, குடித்தவர் என்றாலும் சரி, எந்த மருந்து, எத்தனை நாளுக்கு முன் என்பதை மயக்கமருந்து வைத்தியரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள். போத்தல் கிடைத்தால் கையோடு கொண்டுவாருங்கள்.