மெக்கானிக்கல் கீபோர்டு: ஒரு விசைப்பலகையில் எத்தனை விசை?

குடியாத்தத்தில் எங்கள் அத்தை வீட்டு முன்கட்டில் இன்றைக்கும் ஒரு கைத்தறி கிடக்கிறது. லுங்கி நெய்த தறி, ஓடி நாலைந்து வருஷம் ஆகிறது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அத்தை பேரன், அதாவது என் மச்சான் மகன், காட்பாடியில் பொறியியல் படிக்கிறவன், புதிதாக வாங்கிய கீபோர்டைத் தறிப் பலகைமேல் வைத்து விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுத்தது.

"இன்னாடா அது, தறி ஓடற மாதிரி சத்தம் கீது?"

"மெக்கானிக்கல் கீபோர்டு ஆயா."

"அப்டின்னா?"

பையன் என்னைப் பார்த்தான். "மாமா, நீதான் தமிழ் தமிழ்னு எழுதிகினு இருப்பியே, சொல்லு." நானும் கொஞ்சம் மிதப்பாக "இயந்திர விசைப்பலகை" என்றேன். அத்தை கரண்டியோடு வாசல்படிக்கு வந்து கேட்டது: "விசைத்தறி மாதிரியா? கரண்டுல அதுவா ஓடுமா?"

சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அத்தை கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, தப்பெல்லாம் நான் சொன்ன சொல்லில்தான். கைத்தறிக்கு எதிர்ப்பதம் விசைத்தறி, துடுப்புப் படகுக்கு எதிர்ப்பதம் விசைப்படகு. இந்த இரண்டிலும் விசை என்றால் மனிதக் கை இல்லாமல் மோட்டாரோ இன்ஜினோ இழுப்பது. அந்தக் கணக்கில் விசைப்பலகை என்றால் தானாக ஓடும் பலகை என்றுதானே ஆகவேண்டும்? அதன் முன்னால் இயந்திரம் வேறு. எந்திரத்தால் ஓடும் எந்திரப் பலகை என்று இரண்டு தரம் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

முதலில் விசை. இது பழைய சொல், பல வேலை பார்க்கும் சொல். வேகம் என்று ஒரு பொருள், விசையாக நடந்தான் என்றால் விரைவாக நடந்தான். பலம், உந்தல் என்று இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம் என்று நாம் உருப்போட்டது இதுதான். மூன்றாவதாக, அழுத்தி வைத்தால் எகிறும் தன்மை, வளைத்து விட்டால் திரும்பும் வில்லின் குணம், அதை வைத்துச் செய்த பொறி. எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லை எலி தொட்டதும் படக்கென்று விழுகிறதே, அந்த ஏற்பாடும் விசை. துப்பாக்கியில் விரல் வைத்து இழுப்பதும் விசை. இந்த மூன்றாவது பொருளிலிருந்துதான், ஒன்றை அழுத்தினால் இன்னொன்று நடக்கும் என்ற பொருளிலிருந்துதான், விசைப்பலகையின் விசை வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்படிப் பார்த்தால் நல்ல சொல். ஆங்கிலச் சொல்லைவிட நல்ல சொல் என்றே சொல்வேன்.

ஏனென்றால் ஆங்கிலத்தில் கீ என்பது பூட்டைத் திறக்கும் சாவி. சாவி லத்தீனில் கிளாவிஸ். அங்கிருந்து இசைக்குப் போய், ஆர்கன், பியானோவில் விரல் வைத்து அழுத்தும் கட்டைக்குப் பெயராகி, அந்தக் கட்டைகள் வரிசையாக இருக்கும் பலகை கீபோர்டு ஆகி, பிறகு தட்டச்சுக்கும் கடைசியில் கணினிக்கும் வந்து சேர்ந்தது. பூட்டுக்கும் இதற்கும் இப்போது ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சிலர் அதை அப்படியே சாவிப்பலகை என்று பெயர்த்து எழுதுகிறார்கள். எனக்கு அதைப் படித்தால் லாட்ஜ் வரவேற்பறையில் அறைச் சாவிகளை மாட்டி வைத்திருக்கும் பலகைதான் ஞாபகம் வரும். அதோடு, சாவியே போர்த்துகீசியர் கொடுத்துவிட்டுப் போன சொல், ஷாவே என்பார்கள்; நம்முடையது திறவுகோல்.

அப்புறம் கட்டை. இது என் செல்லச் சொல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியம் இங்கே வந்தபோது அதை வாசித்தவர்கள் யாரையும் கேட்காமல் கீக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், கட்டை என்று. முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டை, ஐந்தாவது ஐந்து கட்டை. இன்றைக்கும் பாடகர்கள் சுருதியை அதை வைத்துத்தான் சொல்கிறார்கள், எட்டுக் கட்டையில் கத்தாதே என்று வீட்டில் திட்டு வாங்குவதும் அந்தக் கட்டைதான். இப்படி நாடக மேடையிலேயே கீக்குத் தமிழ் கிடைத்தாகிவிட்டது. கணினிக்கு ஏன் அது வரவில்லை என்றால், கட்டைப்பலகை என்று சொல்லிப் பாருங்கள், மரக்கடை வாசனை வருகிறது. சரி, விட்டுவிட்டேன். விசையே இருக்கட்டும்.

இப்போது மெக்கானிக்கல். இதற்கு வேர் கிரேக்கம், சூழ்ச்சியாகச் செய்த கருவி என்று பொருள். தமிழில் பொறி என்றால் கிட்டத்தட்ட அதே, எலிப்பொறியிலிருந்து பொறியியல் வரை. பழைய தட்டச்சுப்பொறி அசலான மெக்கானிக்கல்: நீங்கள் விரலில் கொடுக்கும் பலமே கம்பி கம்பியாகக் கடந்து போய் அச்செழுத்தைத் தூக்கி ரிப்பன்மேல் அடிக்கும். லோயர், ஹையர் என்று டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று பக்கம் பக்கமாக அடித்தவர்களுக்குச் சுண்டுவிரல் வலி இன்னும் நினைவிருக்கும். கணினிக் கீபோர்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. எந்தக் கீபோர்டானாலும் அது கடைசியில் விசை அமுங்கியது என்று மின்சாரம் வழியாகச் செய்தி அனுப்புகிறது, அவ்வளவுதான். அப்படியானால் ஒன்றை மட்டும் மெக்கானிக்கல் என்று ஏன் சொல்கிறார்கள்?

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. நம் அலுவலக மேசைகளில் கிடக்கும் சாதாரணக் கீபோர்டைத் திருப்பி ஆணியைக் கழற்றினால், எல்லா விசைக்கும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் தாள் இருக்கும், அதன்மேல் ரப்பர் குமிழ்கள். குமிழை அமுக்கினால் அது நசுங்கி, கீழே தாளில் அச்சடித்த இரண்டு தடங்களை ஒட்ட வைக்கும். ஆங்கிலத்தில் மெம்பிரேன், தமிழில் சவ்வு. இந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், ஏனென்றால் ஒரு வருஷம் போனால் அது நிஜமாகவே ஜவ்வு மாதிரி ஆகிவிடும். மெக்கானிக்கல் என்று சொல்வதில் ஒவ்வொரு விசைக்கும் கீழே தனித்தனிச் சுவிட்ச், அதற்குள் தனியாக ஒரு சுருள்வில், ஒரு தண்டு, தொட்டுக்கொள்ளும் இரண்டு உலோகத் தகடு. ஒன்று போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். சிலவற்றில் பற்றவைப்பைக்கூட எடுக்கவேண்டாம், இடுக்கி வைத்துப் பிடுங்கி வேறு செருகிவிடலாம்.

ஆக, முக்கியமான விஷயம் எந்திரம் இல்லை, தனித்தனியாக இருப்பது. அதனால் நான் இப்போது எழுதுவது தனிவிசைப் பலகை. சவ்வுப் பலகைக்கு எதிர்ப்பதமாக வைத்தால் சட்டென்று புரிகிறது. இன்னொரு லாபமும் உண்டு. உலோகத் தகடு தொடாமல், ஒளிக்கதிர் மறைவதை வைத்தோ காந்தம் நெருங்குவதை வைத்தோ வேலை செய்யும் புது வகைகள் வந்திருக்கின்றன, அதெல்லாம் மெக்கானிக்கலா இல்லையா என்று ஆங்கிலத்தில் சண்டை போடுகிறார்கள். தனிவிசை என்றால் சண்டை இல்லை, அங்கேயும் விசைக்கு ஒரு சுவிட்ச், ஒரு சுருள்வில் உண்டு. ஆனால் ஒன்று, அந்தக் காந்த வகையை மட்டும் காந்த விசைப்பலகை என்று எழுதிவிடாதீர்கள். காந்த விசை என்றால் இயற்பியல் வாத்தியார் எழுந்து வந்துவிடுவார்.

பெயர்ச் சண்டை எதற்கு, வாங்கித் தட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் சொந்தச் சோகம் ஒன்று. நான் முதன்முதலில் வாங்கியது வேலூரில் ஒரு கடையில்தான். பெட்டிமேல் மெக்கானிக்கல் ஃபீல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, வானவில் மாதிரி விளக்கு எரிந்தது, கடைக்காரர் "மெக்கானிக்கலேதான் சார்" என்றார். வீட்டுக்கு வந்து ஒரு விசையின் மூடியைக் கழற்றினேன். கூட்டல் குறி வடிவத்தில் நீலத் தண்டு தெரிந்தது, அசல் மாதிரியே. அதையும் கெல்லி எடுத்தால், அடியில் ரப்பர் குமிழ் பல்லைக் காட்டியது. வேலூர் வெயிலில் திரும்ப எடுத்துக்கொண்டு போனால், ஃபீல் என்றுதானே போட்டிருக்கிறது என்றார். அவர் சொன்னதும் எழுத்துப்படி சரி. அன்றைக்குத் தெரிந்தது, தண்டின் வடிவத்தையும் நிறத்தையும் நம்பக்கூடாது என்று. கடையிலேயே நோட்பேடைத் திறந்து, ஒரு விசையை மெல்ல மெல்ல அழுத்திப் பாருங்கள். அடி தட்டுவதற்கு முன்பே, பாதி வழியில் எழுத்து விழுந்தால் தனிவிசை. அடிவரை நசுக்கினால்தான் விழுகிறது என்றால் ரப்பர்.

அந்தப் பாதி வழிக்கு அளவு உண்டு. இந்தச் சுவிட்சுகளில் பேர்போனது செர்ரி எம்எக்ஸ், 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வந்தது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் கைல், கேட்டரான், அவுட்டெமு என்று சீனத் தயாரிப்புகள் சந்தையை நிறைத்துவிட்டன. விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், சிவப்புத் தண்டு வைத்த வகையில் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழும். அதற்கு முந்தைய தலைமுறைக்காரர்கள் கொண்டாடுவது ஐபிஎம்-மின் மாடல் எம், 1985-இல் வந்தது, அழுத்தினால் சுருள்வில்லே பக்கவாட்டில் மடங்கித் தட்டும். அந்தச் சத்தத்துக்கு முன்னால் பையனுடையது ஒன்றுமே இல்லை.

சுவிட்ச் வகையைத் தண்டின் நிறத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். நிறங்களைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை, மூன்று தெரிந்தால் போதும். சிவப்பு வழுக்கிக்கொண்டு நேராக இறங்கும், நடுவில் எந்தத் தடையும் இல்லை, விளையாடுபவர்கள் அதிகம் கேட்பது இது. பழுப்பு, எழுத்து விழும் இடத்தில் விரலுக்கு மட்டும் ஒரு சின்ன மேடு காட்டும். நீலம் மேட்டோடு சத்தமும் போடும். இவற்றுக்கு ஆங்கிலத்தில் லீனியர், டேக்டைல், கிளிக்கி. தமிழில் வழுக்குவிசை, மேட்டுவிசை, சொடக்குவிசை என்று வைத்துக்கொள்ளலாம். நேரியல், தொட்டுணர்வு என்று அகராதிச் சொற்களை இழுத்து வரவேண்டியதில்லை. சொடக்கு எல்லாருக்கும் தெரியும், விரலைச் சொடுக்கினால் வரும் சத்தம், அந்தச் சுவிட்ச் போடுவதும் அதேதான்.

இங்கேதான் விசை என்ற சொல் நம்மைத் தள்ளிவிடும் பள்ளம் வருகிறது. சிவப்பை அழுத்தச் சுமார் 45 கிராம் பலம் வேண்டும், கறுப்பு என்று இன்னொரு வகை உண்டு, அதற்கு 60. பெட்டியில் ஆக்சுவேஷன் ஃபோர்ஸ் என்று போட்டிருப்பது இதுதான். ஃபோர்ஸ் விசை, கீ விசை. ஆக, விசையின் விசை! ஒரு மொழிபெயர்ப்பில் 'விசையை இயக்கும் விசையின் விசை அளவு' என்று படித்துவிட்டு நான் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. இயற்பியல் புத்தகத்தை யாரும் மாற்றப் போவதில்லை, கீபோர்டு பக்கம்தான் வளைந்து கொடுக்கவேண்டும். இங்கே அதை அழுத்தம் என்றோ பலம் என்றோ எழுதிவிட்டுப் போகலாம். அழுத்தம் என்றாலும் இயற்பியலில் வேறு பொருள் உண்டுதான், ஆனால் விரலால் அழுத்துவதைத்தான் சொல்கிறோம் என்று யாருக்கும் புரியும்.

மிச்சச் சொற்கள் சுலபம். ஃபுல் சைஸ் என்றால் முழுப்பலகை. 104 விசை, வலப்பக்கம் எண்கள் தனியாக. ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் கம்பெனிகளில் நாளெல்லாம் டேலியில் கணக்குப் போடுபவர்கள் அந்த எண்பகுதி இல்லாத பலகையைத் தொடமாட்டார்கள். எண்பகுதியை வெட்டியது 87. விளையாடுபவர்களில் பலர் அதைத்தான் கேட்கிறார்கள், மவுஸ் நகர்த்த இடம் வேண்டுமாம். வயர்டு என்பதற்கு வடமுள்ள, கம்பிவழி என்றெல்லாம் பார்த்தேன், கடையில் யாரும் அப்படிக் கேட்கப் போவதில்லை, வயர் வைத்தது என்றாலே போதும். வயர் வைத்ததில் ஒரு நிம்மதி, பேட்டரி தீராது. யூஎஸ்பி வழியாக வினாடிக்கு 1000 தடவை சேதி அனுப்புவது இப்போது சாதாரணம், அதாவது மில்லிவினாடிக்கு ஒன்று. 8000 என்று போட்டு விலையை ஏற்றுகிறார்கள், அந்த வித்தியாசம் என் விரலுக்குத் தெரியவில்லை.

கேமிங்கை விளையாட்டு என்று பெயர்த்தால் ஒரு சிக்கல். 'விளையாட்டு விசைப்பலகை' என்றால் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் பொம்மை போல் இருக்கிறது, நாம் விளையாட்டுச் சாமான் என்கிறோமே அது போல. கேமிங் என்றே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

ஒரு விஷயம், தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் தட்டுபவர்கள் நீலமோ பழுப்போ எடுத்துப் பாருங்கள். உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில் என்று மாறி மாறி வருவதால் ஒரு தாளம் விழும். ழ மட்டும் வலப்பக்கக் கீழ் வரிசை ஓரத்தில், சுண்டுவிரலுக்கு எட்டாக்கையில் இருக்கும், அதை அடித்தாகிவிட்டதா என்று அந்தச் சொடக்கு சொல்லிவிடும்.

பையன் விடுதிக்குப் போனதும் அறைத் தோழர்கள் சத்தம் தாங்காமல் விரட்டியிருக்கிறார்கள். போன மாதம் நீலத்தை எல்லாம் பிடுங்கிவிட்டுச் சிவப்பு போட்டுவிட்டான். இப்போது சத்தம் பாதிகூட இல்லை. ஆனால் குடியாத்தத்தில் அதற்குப் பேர் விழுந்தது விழுந்ததுதான். லீவுக்கு வந்து தட்ட உட்கார்ந்தால் அடுப்படியிலிருந்து அத்தை சொல்லுவது: "டேய், தறிய நிறுத்திட்டு வந்து துன்னுடா, சோறு ஆறிப்போவுது."