சாயம் இறங்கினால் நல்ல தூள் என்று யார் சொன்னது?

போன வாரம் திருப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் தேயிலை ருசிபார்க்கும் அறைக்கு வந்தார். கையில் ஐந்து கிலோ டீத்தூள். ஊட்டியிலிருந்து இறங்கும் வழியில் ஒரு கடையில் சில்லறையாக அள்ளிக் கட்டிக் கொடுத்தது. பொங்கலுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் கொடுக்க வேண்டுமாம்.

"தம்பி, போன வருஷம் நீங்க கொடுத்த பனிக்காலத் தேயிலையைப் போட்டுப் பார்த்தோம். பாலும் தூளும் ஒண்ணாப் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டும் சாயமே இறங்கல. இதைப் பாருங்க, ஒரு ஸ்பூன் போட்டாப் போதும், செக்கச்செவேல்னு வருது" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. வடிதாள் ஒன்றை மேசையில் விரித்து, அவர் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை தூவி, மேலே தண்ணீர் தெளித்தேன். தாள் நனைந்த கையோடு ஒவ்வொரு துகளைச் சுற்றியும் மஞ்சளும் ஆரஞ்சுமாக வட்டம் விழுந்தது. குழாயடியில் காட்டிக் கழுவினேன். துகள் போயிற்று, வட்டம் போகவில்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். பெரியவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதையா தம்பி பேரப்பிள்ளைங்களுக்கு எடுத்து வெச்சேன்?" என்றார்.

இந்தக் குளிர்காலத்தில் இப்படி என் மேசைக்கு வந்த பொட்டலங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். குன்னூரில் இருபத்திரண்டு வருடமாகத் தேயிலை ருசிபார்ப்பது என் தொழில். டிசம்பர் பிறந்ததும் பயணிகள் மலையேறுகிறார்கள். அதே மாதங்களில்தான் இந்த மலையின் மிக நல்ல தேயிலை வருகிறது. வந்தவர்களில் பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சாயப்பொடியை வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

கடைக்கு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "நல்லா கலர் வருமா?" என்பதுதான். வாசனை வருமா என்று கேட்பவர் நூற்றில் ஒருவர். கலர்தான் ஸ்ட்ராங், ஸ்ட்ராங்தான் தரம் என்று யாரோ நம் ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்கள். தயவுசெய்து கொஞ்சம் நின்று கேளுங்கள்.

தேயிலையின் நிறம் இரண்டு வகைப் பொருளிலிருந்து வருகிறது. ஒன்று தியாஃபிளேவின். அது பொன்மஞ்சளும் செம்மஞ்சளுமான பளபளப்பு. நாக்கில் சுருக்கென்று ஓர் உயிர்ப்புத் தெரிகிறதே, நாங்கள் பிரிஸ்க் என்போம், அதில் பெரும்பங்கு இதனுடையது. இன்னொன்று தியாருபிஜின். அது செம்பழுப்பு, கருமை, கனம். இலையை நசுக்கியபின் காற்றுபட வைக்கிறோம், ஃபேக்டரியில் ஃபெர்மென்டிங் என்று சொல்லும் கட்டம். அதில் முதலாவது ஓர் அளவுக்கு ஏறி, நேரம் போகப்போக இரண்டாவதாக மாறும். நேரத்தை மீறி விட்டால் கறுப்பு கூடும், உயிர் போய்விடும். கறுப்புதான் தரம் என்றால் தூங்கிப்போன ஷிஃப்டில் கெட்ட லாட்தான் உலகத்திலேயே நல்ல டீயாக இருக்க வேண்டும்! பொடி சிறுத்தாலும் நிறம் சீக்கிரம் இறங்கும். ஒரே செடியின் இலையை டஸ்ட்டாக்கினால் ஒரு நிமிடத்தில் கறுக்கும், முழு இலையாக முறுக்கினால் நான்கு நிமிடம் கேட்கும். இதில் தரம் எங்கே வந்தது?

நிறம் சொல்வது ஒன்று, ருசி சொல்வது வேறு. நான் ஒரு நாளைக்குச் சில நூறு கோப்பைகள் உறிஞ்சித் துப்புகிறேன். நிறத்தை ஒரு பார்வை பார்ப்பேன், அதுவும் எவ்வளவு கறுப்பு என்று அல்ல. தெளிவாக இருக்கிறதா, ஓரத்தில் பொன்வளையம் தெரிகிறதா என்றுதான். மற்றதெல்லாம் மூக்கும் நாக்கும்.

இனி பனிக்காலத் தேயிலைக்கு வருகிறேன். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மேட்டுத் தோட்டங்களில் இரவுக் குளிர் இறங்கும். செடி மெல்ல வளரும், கொழுந்து சிறுக்கும், எடை குறையும். அந்தச் சின்னக் கொழுந்தில் வாசனை திரண்டு நிற்கும். முழு இலையாக, ஆர்தடாக்ஸ் என்னும் பழைய முறுக்கு முறையில் செய்தால் கோப்பையில் வெளிர்பொன் நிறமும் பூவாசமும் வரும். இதைத்தான் ஃப்ராஸ்ட் டீ என்று விற்கிறோம். பெயரைக் கேட்டுவிட்டு உறைபனி படிந்த இலையைப் பறித்துச் செய்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். இல்லை. உறைபனி விழுந்தால் இலை கருகிவிடும், வெந்த கீரைபோல் ஆகும். அது விவசாயிக்கு நஷ்டம். அதனால்தான் சிறு தோட்டக்காரர்கள் விடியற்காலையில் செடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், இளஞ்செடியைத் தழையால் மூடி வைக்கிறார்கள். பனிக்குச் சற்று விலகி, குளிரில் மட்டும் நின்ற கொழுந்துதான் நமக்கு வேண்டும்.

அந்தக் கொழுந்தைப் பாலில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் வாசனையெல்லாம் அடுக்களைக் காற்றில் போய்விடும், கோப்பையில் பால் மட்டும் மிஞ்சும். ஆசிரியர் வீட்டில் நடந்தது இதுதான். தவறு எங்கள் பக்கமும் உண்டு. எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காமல் விற்றுவிட்டோம். பால் டீ வேண்டுமா, தாராளமாகக் குடியுங்கள். அதற்குப் பல்வைத்த உருளைகளில் நசுக்கிக் குருணையாக்கிய நல்ல சிடிசி தூள் இருக்கிறது, இந்த மலையில் பெரும்பகுதி அதுதான் தயாராகிறது. எனக்கும் காலையில் முதல் கோப்பை அதுதான். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒரே விதமாகப் போடாதீர்கள், அவ்வளவே.

என் அம்மாயி இலங்கையில் நுவரெலியாப் பக்கம் கொழுந்து எடுத்தவர். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடி அதே கூடையைத் தலையில் மாட்டினார். அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்காக வளர்ந்த தோட்டங்கள்தான் 1976இல் டேன்டீ என்ற அரசு நிறுவனமாயின. அம்மாயிக்குப் பால் ஊற்றாத டீ 'சாயத்தண்ணி'தான். சாயம் என்றால் அவருக்கு இலை தானாக விடும் நிறம். அந்தச் சொல்லை ஒரு பாக்கெட் ரசாயனப் பொடிக்குக் கொடுத்துவிட்டோமே என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

சட்டத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. டீத்தூளில் நிறம் சேர்க்க அனுமதி கிடையாது, கொஞ்சமும் கிடையாது. ஃபேக்டரியில் கழிந்த நாரும் தூசியும் திரும்பக் கடைக்கு வரக்கூடாது என்றுதான் 1959லேயே தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை போட்டார்கள். இருந்தும் கழிவை அள்ளி, ஏற்கெனவே வடிகட்டி வீசிய சக்கையைக் காயவைத்துச் சேர்த்து, சாயம் ஏற்றி விற்கிறார்கள். ஏன் விற்கிறார்கள்? கலர் வருமா என்று நாம் கேட்பதால்தான். ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோவுக்குக் குறையாமல் பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கொழுந்துக்கும் பறிகூலிக்கும் விறகுக்கும் கரண்டுக்கும் ஆன காசைக் கூட்டிப் பாருங்கள். சாயத்தூள்காரன் சொல்லும் விலைக்கு நேர்மையான ஃபேக்டரி எதுவும் விற்க முடியாது. அடிபடுவது கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி.

வீட்டில் செய்து பாருங்கள். வடிதாள் வேண்டும், காபி வடிகட்டும் வெள்ளைத் தாளும் ஆகும். தூளைத் தூவி, தண்ணீர் தெளித்து, உடனே பாருங்கள். 'உடனே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நனைந்த தூளை அரைமணி நேரம் விட்டுவிட்டுப் பார்த்தால் உத்தமமான தூளும் பழுப்புக் கறை விடும். அதேபோல், பச்சைத் தண்ணீரில் போட்டால் நிறம் வருகிறது, ஆகவே கலப்படம் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. அதை நம்பிவிடாதீர்கள். மெல்லிய டஸ்ட் பச்சைத் தண்ணீரிலும் மெதுவாக நிறம் விடத்தான் செய்யும். அந்த வீடியோவால் நேர்மையான கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். தாளில் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வட்டம் விழுந்து, கழுவியும் போகாவிட்டால் பொட்டலத்தோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போங்கள். ஆய்வகத்தில்தான் முடிவு தெரியும். தாள் சோதனை உங்களை எச்சரிக்க மட்டும்.

காந்தத்தை வைத்துப் பார்த்து, இரும்புத்தூள் ஒட்டியது என்று பதறுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிடிசி உருளையின் பற்கள் தேய்வதால் கொஞ்சம் வரும். அதை எடுக்கத்தான் ஃபேக்டரியில் காந்தம் வைத்திருக்கிறோம். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. கொத்துக்கொத்தாக ஒட்டினால் மட்டும் புகார் கொடுங்கள்.

சில்லறையாக அள்ளிக் கட்டும் தூளை வாங்காதீர்கள். பாக்கெட்டில் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பேக் செய்த தேதி, முகவரி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சாக்லேட் டீ, ஏலக்காய் டீ என்று மூக்கைத் துளைக்கும் வாசனையோடு தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். அந்த வாசனைக்கு அடியில் என்ன தூள் இருக்கிறது என்று எனக்கே மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. உங்களால் எப்படி முடியும்?

சரி, திட்டியது போதும். குளிருக்கு மலைக்கு வருகிறீர்கள், தேயிலையை நன்றாகவே அனுபவித்துவிட்டுப் போங்கள். தொட்டபெட்டா சாலையில் தேயிலை ஃபேக்டரியும் அருங்காட்சியகமும் இருக்கிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பல ஃபேக்டரிகள் பார்வையாளரை உள்ளே விடுகின்றன. காலையிலேயே போங்கள். இரவெல்லாம் வாடவைத்த கொழுந்து உருளைக்குள் இறங்கும்போது பச்சை ஆப்பிளை நறுக்கியதுபோல ஒரு வாசனை எழும், இருபத்திரண்டு வருடம் ஆகியும் அந்த இடத்தில் நான் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறேன். ருசி பார்க்கக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். கொடுத்தால் வெட்கப்படாமல் சத்தமாக உறிஞ்சுங்கள். காற்றோடு சேர்ந்து போனால்தான் வாசனை மூக்கின் பின்புறம் ஏறும்.

தோட்டத்துக்குள் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்கும் காட்டெருமை கண்ணுக்குத் தெரியாது. கரடியும் உண்டு. செல்ஃபிக்காகச் செடி வரிசைக்குள் ஓடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. மருந்து அடித்த செடியாக இருக்கலாம், இலையைக் கிள்ளி வாயில் போடாதீர்கள். கொழுந்து எடுக்கும் அக்காக்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அந்தக் குளிரில் விரல் மரத்துப்போய் வேலை செய்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று தூளை வாங்கி வைத்து, வீட்டிலுள்ளவர்களோடு ருசி பாருங்கள். நூறு மில்லி தண்ணீருக்கு இரண்டு கிராம். எங்கள் மேசையில் ஆறு நிமிடம் விடுவோம், அது குறை கண்டுபிடிக்க. குடிப்பதற்குப் பனிக்காலத் தேயிலை என்றால் மூன்று நிமிடம் போதும். குன்னூரில் தண்ணீர் கிட்டத்தட்ட 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், சென்னையில் நூறு. அதனால் சமவெளியில் இருப்பவர்கள் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். குடிக்கும்போதும் அவசரம் வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சுடச்சுடக் குடிக்கும் பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. அந்தச் சூட்டில் நாக்குக்கு ருசியும் தெரியாது.

தூளை மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி டப்பாக்கள் பக்கத்தில் வைக்காதீர்கள். ஃபேக்டரியை விட்டு வரும்போது அதில் மூன்று சதவீதம் அளவுக்குத்தான் ஈரம் இருக்கும். மார்கழி ஈரத்தையும் பக்கத்து வாசனையையும் பஞ்சுபோல இழுத்துக்கொள்ளும்.

ஆசிரியருக்கு அன்று ஒரு கோப்பை போட்டுக் கொடுத்தேன். பால் இல்லை, சர்க்கரை இல்லை, மூன்று நிமிடம். பேசிக்கொண்டே பாதியை ஆறவிட்டுவிட்டார். எங்கள் மலைத் தேயிலை ஆறினாலும் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். அசாம் கலந்த தூளாக இருந்தால் குளிரில் பால்போலக் கலங்கிவிடும். போன மாதம் அப்படிக் கலங்கியதைக் கலப்படம் என்று நினைத்து ஒருவர் அரைக்கிலோவைக் குப்பையில் கொட்டிவிட்டுப் போனில் சொன்னார். நிறம் தரும் பொருளும் கஃபீனும் குளிரில் கைகோத்துக்கொள்வதால் வரும் கலங்கல் அது, செறிவுள்ள தூளில்தான் வரும். தெளிந்து நின்றாலும் கலங்கினாலும் அதை மட்டும் வைத்துத் தூளைக் கொட்டிவிடாதீர்கள். கோப்பையைக் கொஞ்சம் சூடாக்கிப் பாருங்கள், தெளிந்துவிடும்.