புவிநிலைச் சுற்றுப்பாதை: சொல்லும் பொருளும்

2008 மார்ச் 19 அன்று கொழும்பில் தமது 90ஆம் வயதில் மறைந்த ஆர்தர் சி. கிளார்க்கைப் பலரும் அறிபுனை எழுத்தாளராக நினைவுகூர்கின்றனர். எனக்கு அவர் பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வருவது ‘ஜியோஸ்டேஷனரி’ என்னும் கலைச்சொல்.

‘ஜியோ’ என்பது புவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தும், ‘ஸ்டேஷனரி’ என்பது நிற்றலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்தும் வந்தவை. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வட்டப்பாதையில் செல்லும் துணைக்கோள், புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் 23 மணி 56 நிமிடத்தில் தானும் ஒரு சுற்றை முடிப்பதால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அத்தகைய மூன்று நிலையங்கள் இருந்தால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் கிளார்க் விளக்கினார். 1964இல் ஏவப்பட்ட சின்காம் 3 என்னும் துணைக்கோள் அப்பாதையில் முதலில் நின்றது. கிளார்க் முன்பே விளக்கியதால்தான் அப்பாதையைக் ‘கிளார்க் சுற்றுப்பாதை’ என்றும் அழைக்கின்றனர்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘புவிநிலைத் துணைக்கோள்’ என்கின்றன. ‘நிலை’ என்றால் நிலைமை என்ற பொருள்தானே முதலில் தோன்றும் என்று சிலர் தயங்கலாம். ஆனால் ஊர் சுற்றி வந்த தேர் ‘நிலைக்கு வந்தது’ என்கிறோமே, அந்த நிலைதான் இது. ‘நில்’ என்னும் வேரின் பொருள் சற்றும் குன்றாமல் நிற்கிறது. ஆகவே இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை என்பதே என் கருத்து. துணைக்கோளோ நொடிக்கு 3 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் மறக்கலாகாது.

‘ஜியோசின்க்ரனஸ்’ என்பதற்குப் ‘புவி ஒத்திசைவு’ என்று எழுத வேண்டும். அதில் துணைக்கோள் சுற்றும் காலம் மட்டுமே புவியின் சுழற்சியோடு ஒத்திருக்கும். பாதை சாய்ந்திருந்தால் துணைக்கோள் வானில் வடக்கும் தெற்குமாக அலையும். செய்திகளில் இவ்விரண்டையும் ஒன்றாக எழுதுவது பிழை.

மொட்டைமாடியில் உள்ள டிஷ் ஆன்டெனாவைப் பாருங்கள். துணைக்கோள் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றுவதால், அது எதையும் பின்தொடர்ந்து திரும்புவதில்லை. காற்றில் திருகாணி தளர்ந்து சிறிது விலகினாலும் படம் போய்விடும். அப்படியோர் ஆன்டெனாவை, இன்னும் பெரிய அளவில், 1975இல் இஸ்ரோ பொறியாளர்கள் கிளார்க்கின் கொழும்பு வீட்டில் நிறுவினர். தாம் முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய உயரத்திலிருந்து வந்த படத்தை அவர் தம் வீட்டிலேயே பார்த்தார்.