ஈரத்தைக் குடிச்சு ஈரத்தையே தடுக்குற பசை

பட்டர்வொர்த்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு. 14 அடி ஃபைபர் போட்டை விக்கப் போறாராம், பின்பக்கம் ஃபிஷ் ஃபைண்டரோட (தண்ணிக்கடியில மீன் இருக்குற இடத்தைக் காட்டுற கருவி) சென்சார் மாட்டியிருந்ததைக் கழட்டினதும் 4 ஸ்க்ரூ ஓட்டை அப்படியே நிக்குது, தண்ணி மட்டத்துக்குக் கீழ. "பாத்ரூமுக்கு அடிச்ச சிலிக்கன் மிச்சம் இருக்கு அண்ணே, அதையே அப்பி விட்டா போதாதா, போட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணிகூட வரலையே?"

உள்ள வராதது நிம்மதி தர்ற விஷயமே இல்லைங்க. இந்த மாதிரி போட்ல நிறைய பின்சுவரு ரெண்டு ஃபைபர் தோலு, நடுவுல ப்ளைவுட். ஸ்க்ரூ பாதி பலகையோட நின்னுருக்கும், அதனால தண்ணி மறுபக்கம் வராம பலகைக்குள்ளயே ஊறும். மரத்துல இருக்குற நுண்குழாய் எல்லாம் தண்ணியைத் தானா இழுக்கும், 0.1 மில்லிமீட்டர் அகலக் குழாய்னா கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் உயரத்துக்கே ஏத்திடும், பள்ளிக்கூடத்துல படிச்ச அதே தந்துகிக் கவர்ச்சிதான். மரத்தோட ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்னா பூஞ்சைக்கு வழி திறந்தாச்சு, நம்ம பினாங்கு சூடு வேற வருஷம் முழுக்க அதுக்குத் தோதானது. இஞ்சின் தொங்குறது அந்தப் பலகையிலதான், யோசிச்சுப் பாருங்க.

சிலிக்கன் வேணாம். அது படிஞ்ச இடத்துல பின்னாடி பெயின்டும் ஒட்டாது, ஃபைபர் மேல பூசுற வழவழப்பான ஜெல்கோட்டும் ஒட்டாது, வாங்குறவரு தலையிலதான் அது விடியும். பெரிய ஓட்டைக்கு எபாக்ஸி. இந்த மாதிரி சின்ன ஸ்க்ரூ ஓட்டைக்கு மெரைன் கடையில கிடைக்குற பாலியூரிதேன் சீலன்ட், அதாவது ஓட்டை அடைக்குற பசை, போதும், த்ரீஎம் 5200 மாதிரி.

இந்தப் பாலியூரிதேன் இறுகுற விதம் இருக்கே, எனக்கு எத்தனை தடவை யோசிச்சாலும் அலுக்காது. ட்யூப்புக்குள்ள இருக்குறது நீளநீளமான மூலக்கூறு, ஒவ்வொண்ணோட நுனியிலயும் ஐசோசயனேட்னு ஒரு தொகுதி, நைட்ரஜன் கார்பன் ஆக்சிஜன் மூணும் சேர்ந்தது, யாரையாவது பிடிச்சுக்கணும்னு சதா தவிக்குற தொகுதி. ட்யூப்பைத் திறந்ததும் அது முதல்ல பிடிக்குறது காத்துல இருக்குற நீராவியைத்தான். தண்ணியோட சேர்ந்ததும் கார்பன் டை ஆக்ஸைடை வெளிய விட்டுட்டு அந்த நுனி அமீன்ங்குற வேற தொகுதியா மாறிடும், அந்த அமீன் பக்கத்துல இருக்குற இன்னொரு ஐசோசயனேட்டைத் தண்ணியைவிட வேகமா பிடிச்சுக்கும், ரெண்டு சங்கிலி ஒண்ணாச்சு, இப்படியே லட்சலட்சமா கை கோத்துக் கோத்து வழியுற பசை ரப்பராயிடுது. தண்ணியைத் தடுக்க வந்த பொருளுக்கு உயிரைக் குடுக்குறதே தண்ணி! ஈரப்பதம் பெரும்பாலும் 70, 80 சதவீதத்துல நிக்குற நம்ம ஊரு காத்து இதுக்கு ஏத்த காத்து.

ஆனா ஈரம் நிறைய இருந்தா நல்லதுதானேன்னு ஓட்டைக்குள்ள தண்ணி நிக்கும்போதே அடைக்காதீங்க, அந்த கார்பன் டை ஆக்ஸைடு குபுகுபுன்னு வந்து பசை முழுக்கக் குமிழி விழும், பிடிப்பும் போச்சு. இன்னொண்ணு, வெளியில முதல்ல ஒரு தோல் கட்டும், அப்புறம் நீராவி அந்தத் தோலைத் தாண்டித்தான் உள்ள போகணும், அதனால ஆழம் ரெண்டு மடங்குன்னா நேரம் சுமாரா நாலு மடங்கு.

1937ல ஜெர்மனியில ஓட்டோ பேயர்ங்குற வேதியியலாளர் ஆரம்பிச்சு வச்ச வேதியியல் இது. நம்ம மலேசியாவுல செம்பனை எண்ணெய் வாரியம் செம்பனை எண்ணெயில இருந்தே பாலியால் செஞ்சு காட்டியிருக்கு, ஐசோசயனேட்டோட சேர்ந்து பாலியூரிதேனை உண்டாக்குற இன்னொரு பாதி அதுதான். நம்ம கடலுக்குன்னே ஒரு சீலன்ட் வர்ற வரைக்கும் அந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பணம் தாராளமா ஒதுக்கணும்னு நான் உறுதியா நம்புறேன், எண்ணெயை மட்டும் வித்துக்கிட்டிருந்தா எப்படிங்க.

சரி, உங்க வேலைக்கு வருவோம். போட்டைக் கரையேத்தி, மழை படாம மூடி நல்லா காய விடுங்க, ஓட்டை வாயைச் சுத்தி சுத்தியலோட கைப்பிடியால தட்டிப் பாருங்க, கணீர்னு இல்லாம மந்தமா சத்தம் வந்தா பலகை ஊறியிருக்கலாம், அடைக்குறதுக்கு முன்னாடி ஆள் வச்சுப் பாக்கணும். நல்லா இருந்தா அசிட்டோன்ல துடைச்சு, ட்யூப்போட மூக்கை ஓட்டையோட அடியில வச்சு உள்ளேயிருந்து வெளிய நிரப்பிக்கிட்டே வாங்க, இல்லைன்னா காத்து மாட்டிக்கும். கையுறை கட்டாயம், காத்தோட்டமும் வேணும், ஐசோசயனேட் சில பேருக்கு ஆஸ்துமா வரவைக்கும். 5லேருந்து 7 நாள் தொடாம விடுங்க. வாங்க வர்றவருகிட்ட இந்த 4 இடத்தையும் கை வச்சே காட்டிடுங்க, எதை வச்சு அடைச்சீங்கன்னும் சொல்லிடுங்க, நாளைக்கு அவரு அங்க வேற சென்சார் மாட்டணும்னா அது தெரிஞ்சிருக்கணும்.